நியூயார்க்ல அம்மா அப்பாவை கூட்டிட்டுப் போற மாதிரி தாய் ரெஸ்டாரன்ட் எது? அம்மா சைவம், அப்பாவுக்கு ஒரு சூப்பு வேணும்

ஜர்னல்ஸ்கொயர்காரன்:

வணக்கம் மக்களே. ஜெர்சி சிட்டில இருக்கேன். ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்து மூணு வாரம் ஆச்சு. வந்த நாள்ல இருந்து அப்பா ஒரே பாட்டு, "ஏலே, பாங்காக்ல ஒரு சூப்பு குடிச்சேன் பாத்துக்கோ"ன்னு. 2012-ல ஆபீஸ் ஆளுங்களோட நாலு நாள் பாங்காக் பட்டாயா டூர் போனாரு, அங்க என்னத்த பார்த்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் வீட்ல வாயே திறக்கல, அந்த சூப்பை பத்தி மட்டும் பன்னெண்டு வருஷத்துக்கு மேல பேசிட்டு இருக்காரு.

சரி மனுஷன் ஆசைப்படுறாரேன்னு போன வாரம் மன்ஹாட்டன்ல ஒரு தாய் கடைக்கு போனோம் (தாய்க்கு தாய் சாப்பாடுன்னு கிளம்பும்போதே மொக்க போட்டேன், அப்பவே சகுனம் சரியில்ல). மேப்ல 4.6 ஸ்டார், ரெண்டாயிரத்து சொச்சம் ரிவ்யூ. டாம் யம் சூப் சொன்னேன். ரசத்துல பால் ஊத்தி சர்க்கரை போட்ட மாதிரி ஒண்ணு வந்துச்சு. அப்பா ரெண்டு ஸ்பூன் குடிச்சிட்டு ஸ்பூனை கீழ வச்சு "இது அது இல்ல"ன்னாரு, அவ்ளோதான், வீடு வர்ற வரைக்கும் பேச்சே இல்ல. அம்மா பத்து வருஷமா சைவம், முட்டை கூட கிடையாது, வெள்ளிக்கிழமைன்னா வெங்காயம் பூண்டும் கிடையாது. வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸ்னு சொல்லி வாங்கினதுல முட்டை. பாவம் வெறும் சோத்தை சாப்பிட்டு வந்தாங்க.

இப்ப தேடினா தெருவுக்கு நாலு தாய் கடை வருது, எல்லாத்துக்கும் நாலரை ஸ்டார், எல்லாத்துலயும் அதே மெனு. இதுல எப்படிப்பா செலக்ட் பண்றது? சனிக்கிழமை போகணும், அப்பாவுக்கு முட்டி வலி, படி நிறைய ஏற முடியாது. அப்பா கோழி மீன் ஆடு பன்னி எல்லாம் சாப்பிடுவாரு, மாடு மட்டும் தொட மாட்டாரு.

உட்சைட்வாசி:

ப்ரோ மன்ஹாட்டனை மறந்துருங்க, நியூயார்க்லயே குயின்ஸ் பக்கம் வாங்க. எல்ம்ஹர்ஸ்ட், உட்சைட் இந்த ரெண்டு ஏரியாலதான் தாய் ஆளுங்க குடும்பம் குடும்பமா இருக்காங்க. உட்சைட் அவென்யூல 76-வது தெருல இருந்து 79 வரைக்கும் 2022-ல 'லிட்டில் தாய்லாந்து வே'ன்னு போர்டே வச்சிட்டாங்க. கடைக்குள்ள தாய் பாட்டிங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தா அதுக்கு மேல எந்த ரிவ்யூவும் வேணாம்.

ரூட் ரொம்ப ஈஸி. ஜர்னல் ஸ்கொயர்ல பாத் ட்ரெயின் ஏறி வேர்ல்டு ட்ரேட் சென்டர்ல இறங்குங்க, அங்கேயே ஈ ட்ரெயின் கிளம்புது, சீட் கன்ஃபார்ம், அப்பா உக்காந்துக்கலாம். ஜாக்சன் ஹைட்ஸ் ரூஸ்வெல்ட் அவென்யூ ஸ்டேஷன்ல இறங்கி லிஃப்ட்ல மேல வந்தா கொஞ்ச தூரம் நடைதான்.

கடைன்னு பார்த்தா உட்சைட்ல ஸ்ரீ பிரபாய், 1990-ல ஆரம்பிச்சது, மன்ஹாட்டன் காரன் ஏழாம் நம்பர் ட்ரெயின் புடிச்சு குயின்ஸுக்கு சாப்பிட வந்ததே அந்தக் கடையாலதான்னு சொல்லலாம். பின்னாடி தோட்டத்துல உக்காரலாம், சைவத்துக்கு மெனுல தனி பகுதியே இருக்கு. புதன்கிழமை லீவு விடுற வழக்கம், நீங்க சனிக்கிழமைதானே, பிரச்சனை இல்ல. அதுக்கு ஏழாம் நம்பர் ட்ரெயின்ல 61-வது தெரு ஸ்டேஷன்ல இறங்குங்க, லிஃப்ட் இருக்கு. 69-ல இறங்காதீங்க, அது முழுக்க படி. எல்ம்ஹர்ஸ்ட்ல அயாடா, மீனை முறுகலா பொரிச்சு மேல மாங்கா சாலட் போட்டு தருவாங்க பாருங்க, அய்யோ. காவ் காங்னு ஒண்ணு, அது கிட்டத்தட்ட நம்ம மெஸ் மாதிரி, கண்ணாடிக்குப் பின்னாடி குழம்பு கூட்டெல்லாம் தட்டு தட்டா வச்சிருப்பாங்க, இது இதுன்னு கைகாட்டினா சோத்து மேல ஊத்தி தருவாங்க. தாய்ல காவ்னா சோறு, கேங்னா குழம்பு, கடை பேரே குழம்புசோறுதான்.

சைவப்பூனை:

மேல சொன்னவர் எல்லாம் சரியாத்தான் சொல்றாரு ஆனா அம்மாவை மறந்துட்டாரு. தாய் சமையல்ல சைவம்ங்கறது பெரிய தலைவலிங்க. நம்ம உப்பு போடுற இடத்துல அவங்க மீன் சாஸ் போடுவாங்க, அதுக்கு பேரு நாம் ப்லா. அதையாவது போடாதீங்கன்னு சொல்லலாம், ஏன்னா அது சமைக்கும்போது ஊத்துறது. பச்சை குழம்பு, சிவப்பு குழம்புக்கெல்லாம் அரைக்கிற விழுது இருக்கே, அதுலயே கப்பின்னு இறால் விழுதை சேர்த்து அரைச்சிடுவாங்க. கடையில "வெஜிடபிள் கிரீன் கறி"ன்னு டோஃபுவும் பீன்ஸும் போட்டு தருவாங்க, உள்ள இறால் இருக்கும். கேட்டா "நோ மீட், நோ மீட்"னு சிரிச்சிட்டே சொல்வாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்க கணக்குல அது மீட் இல்ல.

எனக்கு நடந்தது சொல்றேன், கடை பேரு வேணாம். பப்பாளிக்காய் சாலட், சோம் டம், ஃபிஷ் சாஸ் வேணாம்னு மூணு தடவை சொல்லி வாங்கினேன். தட்டு வந்துச்சு, வேர்க்கடலைக்கு நடுவுல பொடிசா ரோஸ் கலர்ல ஏதோ சுருண்டு சுருண்டு கிடந்துச்சு. கேரட் துருவல்னு நினைச்சு பாதி சாப்பிட்டாச்சு, அப்புறம் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பார்த்தா அதுக்கு கண்ணு இருக்கு. காஞ்ச இறால். தப்பு என் மேலதான், சாஸைத்தான் வேணாம்னேன், இறாலை வேணாம்னு சொல்லல.

அதனால கேக்குற விதம் முக்கியம். "வெஜிடேரியன்"னு சொல்லாதீங்க, "ஜே"ன்னு சொல்லுங்க. தாய்லாந்துல வருஷத்துக்கு ஒருக்கா ஒன்பது நாள் சைவ விரதம் இருப்பாங்க, மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து கட்டியிருப்பாங்க, அந்த சாப்பாடுதான் ஜே. கறி மீன் முட்டை பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. உங்க அம்மாவோட வெள்ளிக்கிழமை கணக்குக்கு அப்படியே ஒத்து வரும் பாருங்க.

இன்னொண்ணு, சொன்னா அடிக்க வருவீங்க. விழுதை கைல இடிச்சு செய்யற ஒரிஜினல் கடைய விட, டின்ல வாங்கி ஊத்துற சுமாரான கடை சில சமயம் சைவத்துக்கு சேஃப், ஏன்னா சில டின் விழுதுல இறால் இருக்காது. டின்னை காட்டுங்கன்னு கேட்டு லேபிள் படிச்சிருக்கேன், ஒரு கடைல காட்டினாங்க, ஒரு கடைல முறைச்சாங்க.

ஃப்ளஷிங் மாமா:

எதுக்கு இவ்ளோ கஷ்டம். ஏழாம் நம்பர் ட்ரெயின்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து பிள்ளையார் கோயிலுக்கு போங்க, கேன்டீன்ல அம்மாவுக்கு தோசை வாங்கி குடுங்க, அப்பாவை தாய் கடைல விடுங்க. பிரச்சனை முடிஞ்சுது.

குழம்புக்கரண்டி:

மாமா சொன்னதும் நல்ல ஐடியாதான் ஆனா அம்மாவை வெளில உக்கார வச்சிட்டு அப்பா மட்டும் சூப்பு குடிச்சா அந்த சூப்பு இறங்குமா.

நான் அஸ்டோரியால ரெண்டு வருஷம் ஒரு தாய் பொண்ணு கூட ரூம் ஷேர் பண்ணேன், அவ என்னை கூட்டிட்டுப் போகாத கடை இல்ல. அவகிட்ட கத்துக்கிட்டது சிலது சொல்றேன். முதல்ல ஏன் எல்லா கடைலயும் அதே மெனுன்னு கேட்டீங்கல்ல. தாய்லாந்து அரசாங்கமே 2002-ல 'குளோபல் தாய்'னு ஒரு திட்டம் போட்டு வெளிநாட்டுல தாய் ரெஸ்டாரன்ட் பெருகணும்னு வேலை பார்த்தாங்க. சில கடை வாசல்ல 'தாய் செலக்ட்'னு ஸ்டிக்கர் இருக்கும், அது அவங்க வர்த்தக அமைச்சகம் குடுக்குறது. பட் தாய்னு அந்த வதக்கின நூடுல்ஸ் இருக்கே, அதுவே பாட்டி காலத்து பலகாரம் ஒண்ணும் இல்ல, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிபுன்சொங்க்ராம் ஆட்சில அரசாங்கம் ஜனங்களை சாப்பிடுங்கன்னு சொல்லி பரப்பினது. ஆக பட் தாய், சிவப்பு குழம்பு, பச்சை குழம்பு, மஞ்ச குழம்பு மட்டும் இருக்குற மெனு வெளியூர்க்காரனுக்குன்னு போட்ட மெனு. அதுல நல்ல கடையும் இருக்கும், ஆனா உங்க அப்பா குடிச்சது அதுல இருக்காது.

என் ரூம்மேட் ஒரு கடைய எடை போடுறதுக்கு ஆர்டர் பண்றது ஒரே ஒரு ஐட்டம், பட் கப்ராவ். கறியை பொடிசா கொத்தி மிளகாய் பூண்டு போட்டு வதக்கி கப்ராவ் இலை போடணும். அந்த இலை என்ன தெரியுமா, நம்ம துளசி! சாட்சாத் மாடத்துல வச்சு கும்பிடுற துளசியேதான். நிறைய கடைல அது கிடைக்கலன்னு ஹோராபான்னு இன்னொரு இலைய, சோம்பு வாசம் அடிக்கும், அதை போட்டு ஒப்பேத்துவாங்க. தட்டு வந்ததும் அவ மொதல்ல மோந்து பார்ப்பா, துளசி வாசம் வரலைன்னா அந்தக் கடைக்கு மறுபடி போக மாட்டா. அதே மாதிரி பச்சை குழம்புல பச்சை பட்டாணி மிதந்தா அது இந்த ஊர்க்காரனுக்கு செஞ்சது, சுண்டைக்காய் மிதந்தா வீட்டு சமையல். ஆமாங்க, நம்ம சுண்டைக்காயேதான், கடிச்சா டப்புன்னு வெடிச்சு கசக்கும். முதல் தடவை அதை பார்த்துட்டு அழுகை வராத குறை.

அப்புறம் ஸ்பூனும் ஃபோர்க்கும். தாய் ஆளுங்க சோறு ஸ்பூன்லதான் சாப்பிடுவாங்க, நூடுல்ஸ் சூப்புக்கு மட்டும்தான் குச்சி. குழம்புசோத்துக்கு குச்சி வைக்கிற கடைன்னா கொஞ்சம் யோசிங்க.

இப்ப உங்க அப்பா மேட்டர். கடைய தேடுறதுக்கு முன்னாடி அவர் குடிச்சது என்ன சூப்புன்னு தெரியணும்ல? டாம் யம்னு அவர் சொன்னாரா இல்ல நீங்களா முடிவு பண்ணீங்களா? டாம் யம்லயே ரெண்டு இருக்கு, நாம் சாய்னா தெளிவா ரசம் மாதிரி, நாம் கோன்னா பாலும் மிளகாய் விழுதும் போட்டு திக்கா. நீங்க குடிச்சது ரெண்டாவது. அவர்கிட்ட கேளுங்க, என்ன கலரு, உள்ள நூடுல்ஸ் இருந்துச்சா, குச்சி குடுத்தாங்களா ஸ்பூனா, எவ்ளோ பெரிய கிண்ணம்.

ஜர்னல்ஸ்கொயர்காரன்:

அக்கா சூப்பர். இப்பதான் அப்பாவை உக்கார வச்சு போலீஸ் மாதிரி விசாரிச்சேன். டாம் யம்னு அவர் சொல்லவே இல்ல, நான்தான் தாய் சூப்புன்னா அதான்னு நினைச்சுட்டேன்.

கலர் என்னன்னா "கருஞ்சிவப்பு, மிளகு குழம்பு மாதிரி"ங்கறாரு. நூடுல்ஸ் இருந்துச்சாம், குச்சி குடுத்தாங்களாம், இவருக்கு புடிக்க தெரியாம பக்கத்து டேபிள் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சாம் (இந்த இடத்துல அம்மா கிச்சன்ல இருந்து எட்டிப் பார்த்தாங்க). பட்டை அன்னாசிப்பூ வாசம் வந்துச்சாம். கிண்ணம் உள்ளங்கை அளவுதானாம், அவர் ஆறு கிண்ணம் சாப்பிட்டாராம், கூட வந்த கேஷியர் பதினொண்ணு சாப்பிட்டு காலி கிண்ணத்தை கோபுரம் மாதிரி அடுக்கி வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாராம். ஒரு பெரிய ஸ்தூபி பக்கத்துல, சுத்தி ரவுண்டானா, பஸ்ஸா போகுமாம்.

அப்புறம் அம்மாகிட்ட துளசி மேட்டரை சொன்னேன். "துளசியை கோழியோட வதக்குறாளுவளா?"ன்னு கேட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் எதுவும் பேசல.

குழம்புக்கரண்டி:

கண்டுபிடிச்சாச்சு!! அது படகு நூடுல்ஸ். தாய்ல குவை டியோ ரூவா, ரூவான்னா படகு. அந்தக் காலத்துல வாய்க்கால்ல படகுல வச்சு வித்தது, ஆடுற படகுல இருந்து கரைக்கு சிந்தாம கைமாத்தணும்னுதான் அவ்ளோ சின்ன கிண்ணம். உங்க அப்பா சொல்ற ஸ்தூபி விக்டரி மான்யுமென்ட், அந்த பக்கம் வரிசையா படகு நூடுல்ஸ் கடைதான், கிண்ணத்தை அடுக்கறதும் அங்க வழக்கம்.

இப்ப ரெண்டு விஷயம், அப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க. அந்த கருஞ்சிவப்பு கலரும் கெட்டியும் எதுல வருதுன்னா ரத்தம். பன்னி இல்லன்னா மாட்டு ரத்தத்தை கொதிக்கிற சூப்புல கலக்குவாங்க, அதுக்கு பேரு நாம் டோக். ரெண்டாவது, படகு நூடுல்ஸ் மூவும் உண்டு நுவாவும் உண்டு, மூன்னா பன்னி, நுவான்னா மாடு. 2012-ல அவர் சாப்பிட்டது எதுன்னு நமக்கு தெரியாது, தெரிய வேணாம். இப்ப ஆர்டர் பண்ணும்போது "மூ"ன்னு தெளிவா சொல்லுங்க, குழம்போட சாறு பன்னி எலும்பா மாட்டு எலும்பான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

எல்ம்ஹர்ஸ்ட்ல பட்டா பப்ளியன்னு உட்சைட் அவென்யூல ஒரு சின்ன கடை, அடிப்படைல அது சரக்கு விக்கிற பாருதான், வார இறுதில பகல்ல நூடுல்ஸ் போடுவாங்க. நாங்க அதுக்குதான் போவோம். குட்டியூண்டு இடம், சீக்கிரமா போங்க, கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி போடறாங்களான்னு கேட்டுக்கோங்க. டேபிள்ல நாலு டப்பா இருக்கும், சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறப்போட்ட வினிகர், மீன் சாஸ். சூப்பை அப்படியே குடிக்கக் கூடாது, அவங்கவங்க ருசிக்கு போட்டுக்கணும்.

உட்சைட்வாசி:

ரத்தம்னா என்னங்க, திருநெல்வேலி பக்கம் ரத்தப்பொரியல் சாப்பிடாத ஆளா. தாராளமா சொல்லுங்க. மாடு மேட்டரை மட்டும் சொல்லாதீங்க.

ஏழாவது மாடி:

நடுவுல வர்றேன், மன்னிக்கவும். குயின்ஸ் வரைக்கும் போக முடியாதவங்க மன்ஹாட்டன்லயே பார்க்கணும்னா, செல்சி மார்க்கெட் உள்ள அயாடாவோட கிளை ஒண்ணு இருக்கு. ஈஸ்ட் வில்லேஜ்ல சோம்டம் டெர், அது பாங்காக் கடையோட கிளை, தாய்லாந்து வடகிழக்குல இருக்குற இசான் பக்கத்து சமையல், மூங்கில் கூடைல ஒட்டு சோறு வரும், அதை கைல உருட்டி உருட்டித்தான் சாப்பிடணும், ஸ்பூனே வேணாம். எங்க அப்பா அமெரிக்கால வெளில சாப்பிட்டு சந்தோஷமா இருந்தது அந்த ஒரு நாள்தான். ஒன்பதாவது அவென்யூல ஹெல்ஸ் கிச்சன் பக்கமும் வரிசையா தாய் கடை இருக்கு, அதுல நல்லதும் உண்டு சுமாரும் உண்டு, துளசி டெஸ்ட் வச்சு பாருங்க.

ஜர்னல்ஸ்கொயர்காரன்:

அப்டேட். போயிட்டு வந்தாச்சு.

முதல்ல நூடுல்ஸ். அம்மா வாசல்லயே பாட்டில் வரிசையை பார்த்துட்டு "ஏலே இது பாருல்லா"ன்னாங்க, ஒரு பத்து நிமிஷம்மா, அப்பா ஆசைன்னு சொல்லி உள்ள கூட்டிட்டு போனேன். கருஞ்சிவப்பா கிண்ணம் வந்துச்சு. அப்பா உடனே குடிக்கல, மூஞ்சிய கிட்ட கொண்டு போய் கண்ணை மூடி மோந்து பார்த்தாரு. அப்புறம் யாரும் சொல்லிக்குடுக்காமலே வினிகர் மிளகாய் ரெண்டு ஸ்பூன், மிளகாய்த்தூள் கொஞ்சம், சர்க்கரை ஒரு சிட்டிகை, கை தானா போகுது. ஒரு வாய் குடிச்சாரு. "இதான்ல"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது கிண்ணம் சொல்லுன்னு விரலை மட்டும் காட்டினாரு. ரத்தம்னு சொன்னேன், "தெரியும்ல, பாத்தாலே தெரியாதா"ன்னுட்டாரு. மாடா பன்னியான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அம்மா பக்கத்துல உக்காந்து தண்ணி குடிச்சிட்டு "அந்தப் பொண்ணு எந்த ஊராம்?"னு மட்டும் கேட்டாங்க.

அப்புறம் ட்ரெயின் ஏறி உட்சைட்ல தோட்டம் இருக்குற கடை. ஜேன்னு சொன்னதும் அந்தக்கா சட்டுனு புரிஞ்சுக்கிட்டு கிச்சன்ல போய் கேட்டுட்டு வந்து, மெனுல இது வேணாம் இது சாப்பிடலாம்னு விரல் வச்சு காட்டினாங்க. சைவ வாத்துன்னு ஒண்ணு இருந்துச்சு, அம்மா "பேரே வேணாம்"னுட்டாங்க. டோஃபு, காய், சோறு சாப்பிட்டாங்க, நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க ஆனா உண்மையா முகம் மலர்ந்தது மாம்பழமும் தேங்காப்பால் ஒட்டு சோறும் வந்தப்பதான். ரெண்டாவது தட்டு கேட்டாங்க.

நடுவுல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எல்ம்ஹர்ஸ்ட்ல ஸ்டேஷனுக்கு திரும்பற வழில ஒரு தாய் மளிகைக்கடைக்குள்ள சும்மா போனோம். ஃப்ரீசர்ல சுண்டைக்காய் பாக்கெட். அம்மா கண்ணாடி கதவை திறந்து வச்சுக்கிட்டே நின்னாங்க, கடைக்காரர் மூடச் சொல்ற வரைக்கும். நாலு பாக்கெட் வாங்கிட்டாங்க, அதை உட்சைட் கடை டேபிள் மேல வச்சுக்கிட்டேதான் சாப்பிட்டோம். இப்ப பால்கனில தட்டு போட்டு மோர்ல ஊறப்போட்டு காய வச்சுட்டு இருக்காங்க, ஜெர்சி வெயிலுக்கு காயுமான்னு தெரியல. பாதிய எடுத்து நேத்தே குழம்பு வச்சாச்சு.

சைவப்பூனை:

எந்த மளிகைக்கடை? பாக்கெட் என்ன விலை?